சுமதியிடம் நான் சொன்ன பொய்

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் உன் புது வேலையைப் பற்றி, ஒரு நிமிடம் ஒயிட்ஃபீல்டு டிராஃபிக்கைப் பற்றி. மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில், உன் மனைவியின் கர்ப்பப்பையை இந்த வெள்ளிக்கிழமை எடுக்கப் போவதாகச் சொன்னாய். கட்டி இருக்கிறது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார். இதுவரை சரி. பிறகு சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். "இந்த மாசம் முடியறதுக்குள்ள பண்ணா கம்பெனி இன்சூரன்ஸ்லயே வந்துடும்மா. புது கம்பெனில ஒரு வருஷம் இதெல்லாம் கவர் ஆகாது. நீயும் செஞ்சுக்கிட்டதான, நல்லாத்தான இருக்க? அவதான் பயப்படறா. ஒரு வார்த்தை சொல்லேன்."

நேரில் வந்து பேசலாம். லிங்கராஜபுரத்திலிருந்து உன் வீட்டுக்கு இரண்டு பஸ்தான். ஆனால் நான் பேசினால் நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்பாய். உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து போட்ட அதே "ம்". கடிதத்துக்கு "ம்" போட முடியாது. இதன் நகலை, பள்ளியில் என்னோடு படித்தவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கும் அனுப்பப் போகிறேன். பத்துப் பெண்கள் படிப்பார்கள். உனக்குக் கூச்சமாக இருந்தால் இருக்கட்டும். இந்தக் குடும்பத்தில் கூச்சத்தை இத்தனை வருடம் நான் ஒருத்தியே சுமந்தேன். நீயும் கொஞ்சம் சுமந்து பார்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டுக்கொண்டபடி அன்று மாலையே சுமதிக்குப் போன் செய்தேன். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அத்தை, உங்களுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சு? நிஜமா சொல்லுங்க." ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் இதைவிட நேராகக் கேட்க முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்லம்மா. நாலு நாள் வலி. நான் நல்லாத்தான் இருக்கேன்." அவள், "சரி அத்தை, அப்போ செஞ்சுக்கறேன்" என்றாள். போனை வைத்த பிறகுதான் என் மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. என் வார்த்தையை நம்பி ஒருத்தி ஆபரேஷன் மேஜையில் படுக்கப் போகிறாள். அந்த வார்த்தை பொய்.

நான் எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. தங்கவயலில் எங்கள் பள்ளியில் நூலக அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் டீச்சர் ஒரு பாடத்தை மட்டும் நடத்தாமல், "வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினார். யாரும் வீட்டில் படிக்கவில்லை. நான் படித்தேன். மறுநாள் மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெண்களை உட்காரவைத்து, நோட்டில் படம் வரைந்து, இது கர்ப்பப்பை, இது சினைக்குழாய், இந்த இரண்டும் சினைப்பை என்று விரல் வைத்து விளக்கினேன். ஸ்டெல்லா என்று ஒருத்தி, "இதெல்லாம் நம்ம உள்ள இருக்குதாடி?" என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற திமிர். அந்தத் திமிர் பிடித்த பெண் பிற்பாடு தன் உடம்பிலிருந்து எதை எடுத்தார்கள் என்றே கேட்காமல் வீட்டுக்கு வந்தாள்.

உன் அப்பாவின் ஃபாக்டரியில் விருப்ப ஓய்வு அறிவித்த வருடம் உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் இரண்டாம் வருடம். ஓய்வு வாங்கினால் கையில் மொத்தமாகப் பணம் வரும், ஆனால் குடும்பத்துக்கு இலவச வைத்தியம் அன்றோடு நின்றுவிடும். அவ்வளவுதான், ஊரே ஆஸ்பத்திரிக்குப் படையெடுத்தது. நிற்கப்போகிற சலுகையை வீணாக்கலாமா? ஆண்கள் கண்ணாடி மாற்றிக்கொண்டார்கள். பல் செட் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் இருபது வருடமாகச் சுமந்த குடலிறக்கத்தைத் தைத்துக்கொண்டார். மனைவிமார்களுக்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள் போலிருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் அந்த வருடம் நான்கு பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். நான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் நோய் வந்ததா? வந்தது கடைசித் தேதி.

எனக்கு மாதத்தில் எட்டு நாள் போக்கு இருந்தது. களைப்பு இருந்தது. அதற்கு மாத்திரை இருக்கிறதா, காத்திருக்கலாமா, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஃபாக்டரி அனுப்பி வைத்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். பெண் என்பதால் எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த அம்மாள் ஸ்கேனைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "பையன் காலேஜுக்கு வந்துட்டான்ல? கடைய மூடியாச்சு. அப்புறம் போர்டு எதுக்கு மாட்டி வெச்சுக்கிட்டு?" என்றார். உன் அப்பா சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தாள். பிரபு, நானும் சிரித்தேன். என் உடம்பைப் பூட்டிய கடை என்று சொன்னதற்கு, நல்ல நகைச்சுவை என்பது போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த டாக்டரை நான் மன்னித்தாலும் அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டது உன் அப்பா. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் என் தோளைத் தட்டி, "ஏனூ ஆகல்லம்மா" என்று கன்னடத்தில் சொன்னாள். ஒன்றும் ஆகாது என்றுதான் அர்த்தம். அவள் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களை நீ பார்த்திருக்க வேண்டும். உன் ஜீவனஹள்ளி அத்தை ஒரு டஜன் சாத்துக்குடியோடு வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். "உனுக்கு இன்னா அண்ணி, ஜாலி. மாசா மாசம் தொல்ல இல்ல. நாங்கதான் இன்னும் அவஸ்தப்படணும்" என்றாள். போகும்போது குரலைத் தாழ்த்தி, "அண்ணன மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ. ஆம்பளைங்களுக்கு மனசு மாறிடும்" என்றாள். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருக்கிற ஒருத்தி, சுகமாக நடமாடுகிற ஒரு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். உனக்கு அந்த நாட்களில் என்ன நினைவிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். "மூணு வாரம் ஓட்டல் இட்லி" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். உனக்கு நடந்தது அதுதான்.

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன். முகத்தில் திடீரென்று அடுப்பு மூட்டியது போல ஒரு சூடு. நனைந்துபோகிற ரவிக்கை. படித்த பக்கத்தையே மறுபடி படித்தாலும் தலையில் ஏறவில்லை. புத்தகத்தை மூடி வைத்த நாள்கூட நினைவிருக்கிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினேன், பிறகு அழுதேன். நீங்கள் இருவரும் அதற்கு ஒரு பெயர் வைத்தீர்கள். "அம்மாவுக்கு மூடு சரியில்ல." நாற்பத்தைந்து வயதில் குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டவர், எலும்பு அறுபது வயதுக்காரிக்கு இருப்பது போல இருக்கிறது என்றார். உன் அப்பா, பால் குடிக்க மாட்டேன் என்கிறாள் சார் என்று என் மேல் புகார் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏதோ பாலைத் திருட்டுத்தனமாகக் கொட்டியவள் மாதிரி.

மின்னஞ்சல் குழு தொடங்கியது மூன்று வருடத்துக்கு முன்பு. எங்களோடு படித்த வசந்தாவின் மகள் அமெரிக்காவிலிருந்து அதை அமைத்துக்கொடுத்தாள். முப்பது வருடத்துக்கு மேல் பார்க்காத பதினொரு பேர் ஒவ்வொருவராக அதில் வந்து சேர்ந்தோம். சர்ச் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நான் ஒரு மணி நேரத்துக்கு உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு விரலால் குத்திக் குத்தி அடிப்பேன். முதல் ஆறு மாதம் நாங்கள் எழுதியதை இப்போது படித்தால் குமட்டுகிறது. ஒருத்திக்கு மூன்று பெட்ரூம். ஒருத்தியின் மருமகன் கப்பலில். நான் உன் சம்பளத்தைப் பற்றி எழுதினேன், அதுவும் கொஞ்சம் கூட்டி. முப்பது வருடம் கழித்துச் சந்தித்தவர்கள் ஒருவருக்கொருவர் விளம்பரப் பலகையைத்தான் காட்டிக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் அமுதா எழுதினாள். மகள் வீட்டு ஏசி அறையில் எல்லாரும் போர்வையோடு உட்கார்ந்திருக்க, தனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியதாம். சம்பந்தியம்மாள் ஒரு மாதிரி பார்த்தாராம். கர்ப்பப்பையை எடுத்து எட்டு வருடமாகிறது, இது எனக்கு மட்டும்தானா, உங்களில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இரண்டு நாள் யாரும் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் நான்தான் எழுதினேன். எனக்கும், என்று ஒரே ஒரு வரி. அந்த வாரத்துக்குள் மொத்தம் ஆறு பேர். பதினொன்றில் ஆறு. மூன்று பெட்ரூம்காரியும் அதில் உண்டு.

வசந்தாவின் கணவர் ரிட்டையர் ஆவதற்கு முந்தின மாதம் அவளுக்குச் செய்தார்களாம், நம் வீட்டுக் கதைதான். அமுதாவுடையது இன்னும் அழகு. மகள் கல்யாணத் தேதியில் தீட்டு வந்துவிட்டால் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க முடியாதே என்று மாமியார் கவலைப்பட்டார். தள்ளிப்போட மாத்திரை கேட்கப் போன இடத்தில், எப்படியும் போக்கு அதிகமாக இருக்கிறது, எடுத்தே விடலாமே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு முகூர்த்தத்துக்காக ஒரு உறுப்பு. எழுதிவிட்டு அமுதா, "கல்யாண போட்டோவில் நான்தான் எல்லாரையும்விட வெளுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்.

எல்லாம் இப்படித்தான் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய். எடுத்திருக்காவிட்டால் இன்று எங்களோடு எழுத அவள் இல்லை. இன்னொருத்தி மாதத்தில் பாதி நாள் படுக்கையில் கிடந்தவள். மருந்தெல்லாம் பார்த்துவிட்டு, யோசித்துத் தானே முடிவு செய்தாள். எடுத்த பிறகுதான் பயமில்லாமல் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனேன் என்று எழுதினாள். கத்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் வெட்டியதன் மேலும், கேட்காமல் படுத்ததன் மேலும்தான்.

ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸாக இருந்தவள். அவள்தான் அந்தக் கேள்வியைப் போட்டாள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பைகளையும் எடுத்தார்களா? சினைப்பை போனால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற கிழவியின் உடம்பு, சூடும் எலும்பு தேய்வதும் அதனால்தான் என்று விளக்கியிருந்தாள். யோசித்துத் தானே முடிவு செய்தவளைத் தவிர, மற்ற நாலு பேரில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. "அடியே, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி எங்களுக்குப் பாடம் எடுத்தவளே, உனக்குமா தெரியல? டிஸ்சார்ஜ் பேப்பர எடு. பி.எஸ்.ஓ.ன்னு மூணு எழுத்து இருந்தா ரெண்டும் போச்சுன்னு அர்த்தம்" என்று என்னை மட்டும் தனியாகத் திட்டியிருந்தாள்.

பேப்பர் எங்கேயும் தொலையவில்லை. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. பத்து வருடம். பஜ்ஜி கட்டிக் கொடுத்த தாளைக்கூடப் படித்துவிட்டுக் கசக்குகிற நான், அந்த ஒரு தாளைப் பிரித்ததே இல்லை. மூன்று எழுத்தும் இருந்தன. நல்ல தெளிவான கையெழுத்தில்.

உன் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடைய இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள், இதில் கையெழுத்துப் போட்டீர்களே, படித்தீர்களா என்று கேட்டேன்.

"நாலு எடத்துல போடச் சொன்னாங்க, போட்டேன். படிச்சுப் படிச்சுப் போட அது இன்னா லவ் லெட்டரா?"

"என் உடம்புங்க அது."

"பத்து வருஷம் ஆச்சு. இப்ப தேடினா திரும்பி வந்து மாட்டிக்கப் போதா?" என்றார். பிறகு ஓவர் முடிந்ததும், பாவம், "காபி போடட்டுமா?" என்று கேட்டார். உன் அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். தன் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விடும்போது எந்தப் பாகத்தைக் கழற்றுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்க்கிற மனிதர் அவர். அவ்வளவுதான் சொல்வேன்.

இதெல்லாம் தெரிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. தெரிந்துகொண்டே சுமதியிடம் நல்லாத்தான் இருக்கேன் என்றேன். ஏன் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஜீவனஹள்ளி அத்தையிடமும், டாக்டரிடமும், உன்னிடமும் அதையே சொல்லிச் சொல்லி, கேள்வி வந்தால் தானாக வாயில் வந்துவிடுகிறது. நாங்கள் ஆறு பேரும் குழுவில் எங்களுக்குள் எல்லாவற்றையும் கொட்டினோம். வீட்டில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. உனக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது. எனக்கும்தான்.

நீ ஒன்றைப் புரிந்துகொள். உன் அப்பா பத்தாவது படித்தவர், அவருக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. நீ எம்.டெக். படித்தவன், உனக்கும் அதே கடைசித் தேதி. அவர் இலவச வைத்தியம் என்றார், நீ கிளெய்ம் என்கிறாய். போன் வாங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் இன்டர்நெட்டில் ஒப்பிட்டுப் பார்த்தவன் நீ. முப்பது வயதுப் பெண்ணுக்கு ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு ஸ்கேன். இந்த அவசரத்துக்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. இன்று புதன். தபாலில் போட்டால் நீ பிரித்துப் பார்க்க வெள்ளிக்கிழமை தாண்டிவிடும் என்று, காலையில் இரண்டு பஸ் மாறி உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். நீ ஆபீசில் இருந்தாய். குழந்தைகள் ஸ்கூலில். சுமதி வெளிறிப்போய்க் கதவைத் திறந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஞாயித்துக்கிழம நான் சொன்னது பொய்ம்மா" என்றேன். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இதில் எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இது: "வேணாம்னு இல்ல அத்தை. கேட்டிருந்தா நானே எடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. என்னை யாரும் கேக்கல. அவர் நேரா தேதிய வாங்கிட்டு வந்துட்டார்."

அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமையைத் தள்ளிவைத்தாள். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினாள். பதினான்கு வந்தன. பார்த்துவிட்டு அந்த டாக்டர் எடுக்கத்தான் வேண்டும் என்றால், அவளும் சரி என்றால், நான் வந்து ஒரு மாதம் தங்குவேன். நீ ஓட்டல் இட்லி சாப்பிடு.

மிச்சத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதி, இந்தக் கடிதத்தைச் சுமதியிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவள் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். நீ இதைப் படித்து முடித்ததும், தேதி தள்ளிப்போனதைப் பற்றி அவளே இன்று மாலை உன்னிடம் பேசுவாள். அப்போது நீ இன்சூரன்ஸ் என்று வாயைத் திறக்காதே. முதலில், உனக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, எத்தனை நாளாக, எப்படி இருக்கிறது என்று அவளைக் கேள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் நீ அதைக் கேட்டதே இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன். பதில் நீளமாக இருக்கும். டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேள்.

அம்மா